ஜே.ஆர்.எஃபா, ஐ.சி.எஸ்.எஸ்.ஆரா: வாய்தாக்களைத் தாண்டி வரும் உதவித்தொகை எது?

சட்டத்தையும் சமூக அறிவியலையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைக்கும்வரை எழுதிக்கொண்டே இருப்பதா? இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) உதவித்தொகை கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவதா? நான் முதல் வழியில் போனவள். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு 42,000 ரூபாய். ஐந்தாண்டும் சேர்த்தால் 24 லட்சம்; வீட்டு வாடகைப் படியும் இதரச் செலவுத் தொகையும் தனி. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். முழுநேர உதவித்தொகை மாதம் 20,000, இதரச் செலவுக்கு ஆண்டுக்கு 20,000, காலம் இரண்டே ஆண்டுகள். மொத்தம் 5,20,000. ஒரே நேரத்தில் இரண்டையும் வாங்க முடியாது.

எல்லோரும் மாதத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். நான் ஆண்டுகளை எண்ணச் சொல்வேன். முடிவைத் தீர்மானிப்பது அதுதான்.

என் ஆய்வு, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றங்களில் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியது. அச்சட்டத்தின் 12ஆவது பிரிவு, முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க நடுவர் முயல வேண்டும் என்கிறது. அந்த 60 நாட்களை நம்பித்தான் நானும் களப்பணியைத் திட்டமிட்டேன்: புதிதாகப் பதிவாகும் மனுக்களைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்வது, ஓராண்டில் முடிப்பது.

நடந்தது வேறு. முதல் ஆறு மாதம் பாடப்பணியில் (கோர்ஸ் வொர்க்) போயிற்று. வழக்குக் கட்டுகளைப் பார்க்க அனுமதி கேட்டு அலைந்ததில் இன்னும் ஏழு மாதம். நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்காரத் தொடங்கியபோது உதவித்தொகையின் இரண்டாம் ஆண்டு பிறந்துவிட்டது. எதிருரை தாக்கல் செய்யவில்லை என்று ஒரு வாய்தா, வழக்கறிஞர் வரவில்லை என்று ஒரு வாய்தா, பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை வரவில்லை என்று இன்னொன்று. நான் பின்தொடர்ந்த ஒரு பெண் வாய்தா தேதிகளை மகளின் பள்ளி டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். பதினோரு தேதிகள், பத்தின் மேல் கோடு. பதினோராவது தேதியன்றும் அவர் அடுத்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் பஸ் ஏறினார். அவருடைய வழக்கில் இறுதி உத்தரவு வந்தது என் ஆய்வின் நான்காம் ஆண்டில். அந்த உத்தரவு இல்லாமல் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இல்லை.

இரண்டாண்டு உதவித்தொகையில் இருந்திருந்தால் நான் பாதி வழக்குகளோடு எழுத உட்கார்ந்திருப்பேன், அல்லது தீர்ப்பு வந்த பழைய கட்டுகளை மட்டும் படித்து வேறொரு ஆய்வைச் செய்திருப்பேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022ஆம் ஆண்டு விதிமுறைகளே முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் என்கின்றன. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தரலாம். குறைந்தபட்சக் காலத்துக்கே போதாத உதவித்தொகையை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குள் இறங்குவது கடினம்.

ஜே.ஆர்.எஃபிலும் குறை உண்டு. மாதாமாதம் பல்கலைக்கழகத்தில் ஒருவர் கனரா வங்கித் தளத்தில் நம் பெயரைப் பதிவிட்டு, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். நான் இருந்த இடத்தில் அந்த இரண்டாமவர் மாற்றலாகிப் போனபோது மூன்று மாதம் பணம் வரவில்லை. அறை வாடகைக்கு அக்காவிடம் கைநீட்டினேன். கையிருப்பாக மூன்று மாதச் செலவை எப்போதும் ஒதுக்கி வையுங்கள். இரண்டாண்டு முடிவில் மூவர் குழு ஆய்வை மதிப்பிட்டால்தான் 42,000க்கு உயர்வு கிடைக்கும்; அதற்கான தாள்களை முன்கூட்டியே தயார் செய்துவிடுவது நல்லது.

வயது இன்னொரு தடை. ஜே.ஆர்.எஃபுக்கு 30 வயதுதான் வரம்பு. எல்.எல்.எம். முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டுகள் தளர்வு என்பது சட்ட மாணவர் பலருக்குத் தெரிவதே இல்லை. பெண்களுக்கும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் ஐந்து ஆண்டுகள். ஆனால் எத்தனை சலுகை இருந்தாலும் மொத்தத் தளர்வு ஐந்து ஆண்டுகளைத் தாண்டாது. சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்துவிட்டு ஆய்வுக்குத் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கதவு சட்டென்று சாத்திக்கொள்ளும். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். வரம்பு 40 வயது. அவர்களுக்கு இதுதான் வழி, தயங்க வேண்டாம்.

ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். தொகையில் நான் வாழ்ந்ததில்லை. பக்கத்து அறைத் தோழி வாங்கினாள். அருகிலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன். பணம் நிறுவனத்தின் கணக்குக்குத் தவணையாக வந்து, அங்கிருந்து அவளுக்கு வர வேண்டியிருந்தது. ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் இடையில் நீண்ட வறட்சி. எல்லா இடத்திலும் இப்படித்தானா என்று ஒருத்தியின் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றில் எனக்கு அவள்மேல் பொறாமை உண்டு. நெட் நம்மிடம் சரியான விடையைக் குறிக்கச் சொல்கிறது. நம் ஆய்வுக் கேள்வி என்ன என்று கேட்பதே இல்லை. அவள் விண்ணப்பத்துக்காக ஆய்வுத் திட்டத்தை நான்கு முறை திருத்தி எழுதினாள். அந்தத் திட்டமே பிறகு அவள் ஆய்வேட்டின் முதல் இயலாயிற்று. எனக்கு அந்தத் தெளிவு வர இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

ஜே.ஆர்.எஃப். கிடைக்கவே இல்லை என்றால், முனைவர் படிப்பில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். தொகையை வாங்கத் தொடங்கிவிடாதீர்கள். தோழி அப்படித்தான் செய்தாள். களப்பணி சூடுபிடித்த மாதத்தில் தொகை நின்றது. கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தாள், வாரத்தில் ஒரு நாள்தான் ஆய்வுக்கு மிஞ்சியது. பாடப்பணியை முடித்து, நீதிமன்றமோ சிறையோ அலுவலகமோ, உள்ளே போகும் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு வரும் அறிவிக்கைக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை வீட்டிலிருந்தோ பகுதிநேர வேலையிலிருந்தோ சமாளிக்க முடியுமா என்பதைச் சேருவதற்கு முன்பே வீட்டாரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.