பயிலரங்கா, உதவி மையமா, பக்கத்து அறையா?

எங்கள் துறையின் மூத்த விரிவுரையாளர் ஐயா, இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த இலக்கணக் குறிப்புகளை, பாடங்களை இணையத்தில் நடத்த உதவும் மூடில் தளத்தில் ஒட்டினார். திரையில் வந்தது தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்று. முந்தைய வாரம்தான் முழுநாள் மூடில் பயிலரங்குக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியிருந்தார். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கிலம்தான் தெரியும். முதலில், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். இதைப் பயிலரங்கில் யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? வந்திருந்தவர்களில் தமிழ் தட்டச்சு செய்பவர் அவர் ஒருவர்தான்.

மொரீசியஸில் ஒரு விரிவுரையாளருக்குத் தொழில்நுட்பத்தில் கைகொடுக்கப் பொதுவாக மூன்று வழிகள்: பயிலரங்கு, பல்கலைக்கழகத்தின் உதவி மையம், பக்கத்து அறையில் இருக்கும் விவரம் தெரிந்த சக ஆசிரியர். நான் பக்கத்து அறைக் கட்சி. கொஞ்சம் மனத்தாங்கலோடுதான்.

பயிலரங்கை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். 2020 மார்ச் 20 அன்று ஊரடங்கு வந்தபோது வேறு வழியே இல்லை; எல்லாரும் ஒரே மூச்சில் ஜூம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மென்பொருளையே மாற்றும்போதும் அதுதான் சரி. மற்ற நேரங்களில், பிப்ரவரியில் காட்டிய பட்டனைச் செப்டம்பரில் தேடினால் கிடைப்பதில்லை. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: பயிற்சியில் கற்றது வகுப்பறைக்குள் போய்ச் சேர வேண்டுமானால், பிறகும் ஒருவர் கூடவே இருந்து பழக்க வேண்டும். அப்புறமும் நாம் சான்றிதழைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

உதவி மையத்தின் கதை வேறு. ரெதுயியில் மொரீசியஸ் பல்கலைக்கழகம் 2001இலேயே கற்றல் தொழில்நுட்பத்துக்கென்று தனி மையம் தொடங்கியது; 2014இல் அது வாழ்நாள் கல்விப் பிரிவோடு சேர்ந்து புதிய மையமானது. இப்படிப்பட்ட இடங்களில் இருப்பவர்கள் தொழில் தெரிந்தவர்கள். ஒரு பருவப் பாடம் முழுவதையும் இணையத்துக்கு ஏற்றபடி அமைக்க அவர்களை விட்டால் ஆளில்லை. ஆனால் அவர்களிடம் போகும்போதே என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். வழிகாட்டிக் குறிப்பு ஆங்கிலத்தில், தொலைபேசி விளக்கம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில், சிக்கலோ தமிழில். மையத்தைக் குறை சொல்லவில்லை. ழகரம் அவர்கள் வேலை இல்லை.

அந்த ழகரத்தில்தான் பக்கத்து அறையின் அருமை தெரிந்தது. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழை நன்றாக எழுதுவார்கள்; வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும். வகுப்பில் ஒவ்வொருவரையும் படிக்க வைக்க நேரம் போதாது. ஒரு நாள் தேநீர் வேளையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். பக்கத்து அறை அக்கா என் லேப்டாப்பை இழுத்து, மூடிலில் எழுதும் பெட்டியிலேயே ஒலிப்பதிவுப் பட்டன் இருப்பதைக் காட்டினார். “செவ்வாய்க்கிழமைப் பாடத்துக்கு நாலு வரி கொடு. போனில் பேசி அனுப்பட்டும். நீயும் பேசியே திருத்து.” கால் மணி நேர வேலை. எந்தப் பட்டன் என்று மட்டும் சொல்லவில்லை, எந்தப் பாடத்துக்கு, ஏன் என்றும் சொன்னார்.

சூறாவளி நாட்களுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் ஊரே வீட்டுக்குள் அடைந்துவிடும். அன்று நேரலையில் வகுப்பு எடுக்கலாம் என்பது பயிலரங்கின் கணக்கு. மின்சாரம் போனால் அந்தக் கணக்கும் போயிற்று. காற்று வலுக்கும் முன்பே சின்ன ஒலிப்பதிவும் இரண்டு பக்கக் குறிப்பும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு என்றார். 2024 ஜனவரியில் பெலால் சூறாவளி வந்துபோன பிறகு இதை நான் மறப்பதே இல்லை.

சரி, பக்கத்து அறையில் எல்லாம் சுகமா? இல்லை. ஒருமுறை உள்மதிப்பீட்டுக்கு 40, தேர்வுக்கு 60 என்று மதிப்பெண் ஏட்டை அமைக்க அக்காவும் நானுமாக முயன்றோம். இருவருக்கும் அரைகுறை அறிவு. மாணவர்களுக்குத் தப்பான மொத்தம் தெரிந்து, வாட்ஸ்அப் குழுவில் ஒரே களேபரம். உதவி மையத்தில் ஒருவர் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். மதிப்பெண், வினா வங்கி, கருத்துத் திருட்டுச் சோதனை என்றால் இப்போது நேராக அங்கேதான் போகிறேன்.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அக்காவின் தேநீர் வேளை எங்களால் போயே போயிற்று. அவர் செய்வது எந்தப் பணிக் கணக்கிலும் ஏறுவதில்லை. பதவி உயர்வுப் படிவத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அவர் ஓய்வு பெற்றால் இந்த ஏற்பாடும் அன்றோடு போய்விடும். பயிலரங்குக்கு மண்டபமும் சாப்பாடும் ஏற்பாடு செய்ய முடிகிறபோது, இப்படிப்பட்டவருக்கு வாரத்தில் இரண்டு மணி வகுப்பைக் குறைக்க முடியாதா? உதவி மையத்தில் அவர் நேரடியாகக் கூப்பிட ஓர் ஆளையும் காட்டினால், மதிப்பெண் ஏட்டுக் கூத்தும் நடக்காது. பயிலரங்கை அரைநாளாக்கி, அவரவர் அடுத்த வாரப் பாடத்தோடு வரச் சொல்லலாம்.

அந்த இரண்டு மணியைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஐயாவின் குறிப்புகளில் புணர்ச்சி வரை யூனிகோடுக்கு மாறியாயிற்று. மீதியை அக்கா தேநீர் வேளையில் மாற்றிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.