மாடலிங் ஆடிஷன்னு கூப்பிட்டு 62,000 உருவிட்டாங்க, மலையில பொண்ணு பையன் வச்சிருக்கறவங்க உஷாரா இருங்க

நான் குன்னூர்ல டூரிஸ்ட் வண்டி ஓட்டறேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஊட்டிக்கு ஷூட்டிங் வர்ற யூனிட்டுக்கெல்லாம் வண்டி போட்டிருக்கேன், சிக்ஸ்த் மைல், ஷூட்டிங் மட்டம், பைக்காரான்னு காலைல நாலு மணி பனியில ஆர்ட்டிஸ்ட ஏத்திட்டுப் போயிருக்கேன், அதனால சினிமா, விளம்பரம் இந்த லைன்ல என்னை எவனும் ஏமாத்த முடியாதுன்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்புக்கு நான் கட்டுன பில்லுதான் 62,000. போன மே சீசன்ல தூங்காம ஓட்டி சேத்த காசு.

பொண்ணுக்கு 16 வயசு, பிளஸ் ஒன். அஞ்சடி ஏழு இருப்பா, எங்க வீட்ல எல்லாரையும் விட உயரம். ரெண்டு வருஷமா மாடலிங் மாடலிங்னு சொல்லிட்டு இருந்தா. நான் வேணாம்னு சொல்லல. வேணாம்னு சொன்னா நமக்குத் தெரியாம யார்கிட்டயாவது போட்டோ அனுப்பும், அதுக்கு நாமளே கூடப் போயிடலாம்னு நெனச்சேன். அது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணல, கூடப் போன ஆளு மூளைய கழட்டி வச்சிட்டுப் போனதுதான் தப்பு.

ஏப்ரல் கடைசில அவளுக்கு இன்ஸ்டால ஒரு மெசேஜ் வந்துச்சு, உங்க லுக் எங்க பிராண்டுக்கு கரெக்டா இருக்கு, புது முகம் தேடறோம்னு. அவ அக்கவுண்ட்ல இருந்ததே பதினோரு போட்டோ, அதுல நாலு எங்க வீட்டு நாய். உடனே என்கிட்ட கொண்டு வந்து காட்டுனா, நான்தான் நம்பர் வாங்கிப் பேசினேன். ஒரு லேடி எடுத்தாங்க, வார்த்தைக்கு வார்த்தை சார், நல்ல மரியாதையான பேச்சு. சென்னை ஆபீஸ், ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்ல ஒரு ஹோட்டல் ஹால்ல ஆடிஷன், ரிஜிஸ்ட்ரேஷன் 1,500 ரூபா மட்டும்னு சொன்னாங்க. 1,500 தானேன்னு ஜிபே பண்ணிட்டேன். இந்த சின்னக் காசுதான் தூண்டில்புழுன்னு இப்பதான் தெரியுது, அதக் கட்டிட்டா அடுத்தடுத்து கேக்கும்போது நம்ம வாய் கட்டிப் போயிடுது.

ஊர்ப்பட்ட ஜனத்த வாந்தி வராம எறக்கி விடறவன்னு ஸ்டாண்ட்ல எனக்குப் பேரு, என் பொண்ணுக்கு மட்டும் மலை எறங்கற வழியில பர்லியாறு வர்றதுக்குள்ள வாந்தி வந்துடும். அன்னிக்கும் எலுமிச்சம்பழத்த மோந்து பாத்துக்கிட்டே வந்தா, புது சுடிதார் மேல துண்டு போட்டு மூடி வச்சிருந்தோம். ஹால்ல அறுபது எழுபது பிள்ளைங்க, எல்லாரும் அம்மா அப்பாவோட. கோட்டு போட்ட ஒருத்தர், லேப்டாப், ரெண்டு பெரிய லைட்டு, டீ பிஸ்கட் வேற. நடந்து காட்டச் சொன்னாங்க, பேர் சொல்லச் சொன்னாங்க, மொத்தமே ரெண்டு நிமிஷம். ரெண்டு நாள்ல ரிசல்ட் சொல்றோம்னாங்க. நாங்க மேட்டுப்பாளையம் கூட வந்து சேரல, ஃபோன் வந்துடுச்சு. "சார் கங்கிராட்ஸ், எழுபது பேர்ல ஆறு பேர்தான் செலக்ட், அதுல உங்க பாப்பா ஒண்ணு." அங்கயே வண்டிய ஓரங்கட்டி அவளுக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுத்தேன். பின்னாடி விசாரிச்சா கோத்தகிரில இருந்து வந்த ஒருத்தர் பையனும் செலக்ட், அரவங்காட்டுல இருந்து வந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் செலக்ட், அந்த ஆறு பேர்ல எனக்குத் தெரிஞ்சே ஒம்போது பேரு இருக்காங்க.

அடுத்து போர்ட்ஃபோலியோ, அதாவது சான்ஸ் கேக்கறப்ப காட்டற போட்டோ ஆல்பம், 48,500. வெளிய எடுத்த போட்டோவ கம்பெனி ஏத்துக்காது, எங்க ஸ்டூடியோலதான் எடுக்கணும், இன்னிக்கு நைட்டுக்குள்ள கட்டலன்னா வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்கு சீட்டு போயிடும்னு சொன்னாங்க. வீட்டுக்காரி கேட்டா, "ஏங்க, வேலை குடுக்கறவங்க நம்மகிட்ட எதுக்கு காசு கேக்கறாங்க?" உனக்கு இந்த ஃபீல்டு தெரியாதுன்னு சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? ஆர்ட்டிஸ்ட் கேரவன்ல ஏறுனா கதவ சாத்தத் தெரியும், அவ்வளவுதான்.

ஸ்டூடியோ ஒரு மாடில, நாலு டிரெஸ் மாத்தி மூணு மணி நேரம் எடுத்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஆல்பம் கூரியர்ல வந்துச்சு, வெல்வெட் அட்டை, தங்கக் கலர் எழுத்து. உள்ள இருக்கறது என் பொண்ணே இல்ல. மூணு நாலு ஷேடு வெள்ளையாக்கி, கன்னத்த சீவி, சின்ன வயசுல அம்மை வந்து புருவத்து மேல விழுந்த தழும்ப சுத்தமா தொடச்சு எடுத்துட்டானுங்க. அந்த தழும்பு இல்லாம அவ மொகமே வேற மாதிரி இருக்கு. அன்னிக்கே பொண்ணு இன்னொண்ணும் சொன்னா, அப்பா இவங்க பேஜ்ல எங்க மாடல்ஸ்னு போட்டிருக்கற போட்டோவ கூகுள் லென்ஸ்ல போட்டா வெளிநாட்டு சைட்ல எல்லாம் வருதுப்பான்னு. கட்டிட்ட காசு கண்ண மறைக்குது, நான் அவள சத்தம் போட்டேன், நொட்டை சொல்லாதன்னு. இத எழுதும்போதும் கூசுது.

அப்புறம் ஆர்ட்டிஸ்ட் கார்டு, நடை உடை சொல்லித் தர்ற க்ரூமிங் கிளாஸ்னு 12,000. கார்டுன்னா ஏதோ யூனியன் கார்டு போலன்னு நெனச்சேன். யூனியன் கார்டு யூனியன்ல வாங்கறது, ஏஜென்ட் லேமினேட் பண்ணி நீட்டறது இல்ல, அதுவுமில்லாம ஒரு துணிக்கடை விளம்பரத்துல நிக்கறதுக்கு எவனும் கார்டு கேக்க மாட்டான். க்ரூமிங் கிளாஸ்ங்கறது ஒரே ஒரு ஜூம் கால், நாப்பது நிமிஷம், அதுல எங்க ஊரு நெட்டு கட்டாகி கட்டாகி இருபது நிமிஷம் போச்சு. கூடவே என் சின்னவனையும் கேட்டாங்க, ஒம்போது வயசு, கிட்ஸ் பிரிவுல சேத்துடலாம், பாதி ரேட்டுன்னு. நல்ல வேளை கையில காசு இல்ல.

அடுத்து பெங்களூர்ல நகை விளம்பரம் ஷூட் கன்ஃபர்ம், 30,000 டெபாசிட், ஷூட் முடிஞ்சதும் திரும்ப வந்துடும்னு ஃபோன். சேட்டுகிட்ட கடன் கேக்கலாம்னு இருந்தேன்.

அதுக்குள்ள ஒரு ராத்திரி, நான் மைசூர் டிராப்ல இருந்தேன், புது நம்பர்ல இருந்து பொண்ணுக்கு வாட்ஸப் வந்திருக்கு. மேடம் சொன்னாங்க, நகை ஷூட்டுக்கு உடம்பு அளவு வேணும், மேல துணி இல்லாம கழுத்து தோள்பட்டை தெரியற மாதிரி போட்டோ இப்பவே அனுப்பு, அப்பாகிட்ட சொல்லாத, ப்ரொஃபஷனலா இருக்கக் கத்துக்கோன்னு. மணி 11:30. அவ நேரா சமையக்கட்டுக்குப் போய், தோசை மாவு வழிச்சுட்டு இருந்த அம்மா முன்னாடி ஃபோன வச்சுட்டா, ஒண்ணும் பேசல. வீட்டுக்காரி எனக்கு ஃபோன் போட்டப்ப அழல, கத்தல, "வண்டிய நிறுத்திட்டு கேளுங்க"ன்னா. நான் முதுமலைக்கு இந்தப் பக்கம் எங்கயோ நிறுத்துனேன், எங்கன்னு கூட நெனப்பு இல்ல.

காலைல நான் பல வருஷமா வண்டி போட்ட ஒரு புரொடக்ஷன் மேனேஜர் அண்ணனுக்கு அடிச்சேன். இத மொத நாளே பண்ணியிருக்கணும், பெருமை விடல. எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் கேட்டது ஒண்ணுதான்: "ஏம்ப்பா, இத்தன ஷூட்டிங் வந்திருக்க, நடிக்க வந்தவன் யாராவது காசு குடுத்துப் பாத்திருக்கியா? லைட் தூக்கறவனுக்கு பேட்டா, டீ குடுக்கறவனுக்கு பேட்டா, வண்டி ஓட்டுன உனக்கும் பேட்டா, உன் பொண்ணு மட்டும் எதுக்குப்பா காசு குடுக்கணும்?" எனக்கு பதில் வரல. நெஜ ஏஜென்சின்னா பிள்ளைக்கு வேலை வாங்கிக் குடுத்து, அந்த சம்பளத்துல கமிஷன் எடுத்துக்கும், அவங்களுக்கு வருமானமே அதுதான். வேலையே வாங்கித் தராம முன்னாடியே சம்பாதிக்கறவனுக்கு எதுக்கு வேலை தேடணும்னு அவர் சொன்னது மண்டையில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம்தான் அந்த ரசீத எடுத்து வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். ஜிஎஸ்டி நம்பர்னு போட்டிருக்கு, எண்ணுனா 14 எழுத்து. ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து இருக்கும், தமிழ்நாட்டு கம்பெனின்னா 33ல ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி வெப்சைட்ல போட்டா கம்பெனி பேரே வந்துடும், ரெண்டு நிமிஷ வேலை. கீழ எறும்பு சைஸ்ல காசு திரும்பத் தரப்படாதுன்னு இங்கிலீஷ்ல இருந்துச்சு. மூணு தடவை ஜிபே பண்ணதும் மூணு வேற வேற ஆள் பேருக்குப் போயிருக்கு, ஒண்ணு கூட கம்பெனி பேர்ல இல்ல. டிரிப் காசு வாங்கும்போது ஸ்க்ரீன்ல பேர் சரியா வருதான்னு பத்து தடவை பாக்கறவன் நான்.

ஆன்லைன் பண மோசடிக்கு புகார் சொல்ற நம்பர் 1930க்கு அடிச்சேன், சைபர் கிரைம் வெப்சைட்லயும் பதிஞ்சேன். கடைசியா போட்ட 12,000 மூணு நாள் முன்னாடிதான் போயிருந்துச்சு, அதுல 7,400 அவங்க அக்கவுண்ட்லயே நிறுத்தி வச்சிருக்காங்க, கைக்கு இன்னும் வரல. 48,500 வாரக்கணக்கு ஆனதால எப்பவோ தொடச்சு எடுத்துட்டாங்க. அதனால ஏமாந்தது தெரிஞ்ச அந்த நிமிஷமே 1930க்கு அடிங்க, வெக்கப்பட்டு ரெண்டு நாள் யோசிக்காதீங்க, நாம யோசிக்கற நேரத்துல காசு நாலு அக்கவுண்ட் மாறிடும்.

அந்த ராத்திரி மெசேஜ தனியா எழுதிக் குடுத்தோம், அது காசு கேஸ் இல்ல. 18 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைகிட்ட தப்பான எண்ணத்துல உடம்பக் காட்டச் சொல்லிக் கேட்டாலே போக்சோ (பிள்ளைங்கள பாலியல் குத்தத்துல இருந்து காப்பாத்தற சட்டம்), பிள்ளை அனுப்பியிருக்கணும்னு இல்ல. கோவத்துல சாட்ட அழிக்கப் போனேன், பொண்ணுதான் கையப் புடிச்சு நிறுத்துனா. அழிச்சிடாதீங்க, நம்பர் தெரியற மாதிரி வச்சிருங்க. பிள்ளைங்களுக்கு 1098ன்னு தனி நம்பர் இருக்கு, ராத்திரியும் எடுப்பாங்க. ஒருவேளை பிள்ளை பயந்து போட்டோ அனுப்பிட்டிருந்தாலும் அடிக்காதீங்க, டேக் இட் டவுன்னு ஒரு இலவச சர்வீஸ் இருக்கு, 18க்குக் கீழ எடுத்த போட்டோ இன்ஸ்டா, ஃபேஸ்புக் மாதிரி இடத்துல பரவாம தடுக்கறதுக்கு, போட்டோவ யாருக்கும் அனுப்பாம ஃபோன்ல இருந்தே பண்ணலாம்.

இன்னொண்ணு, ஹால்ல பொண்ணுகிட்ட மூணு பக்க ஃபாரத்துல கையெழுத்து வாங்கியிருந்தாங்க, ரெண்டு வருஷம் வேற எங்கயும் போகக்கூடாது, போனா நஷ்ட ஈடுன்னு. கேஸ் போடுவோம்னு அந்த மரியாதையான லேடி மெரட்டுனாங்க, சார் எல்லாம் போயிடுச்சு, "யோவ்"தான். என் வண்டில அடிக்கடி வர்ற வக்கீல் ஒருத்தர் சிரிச்சுட்டார், 1872 ஒப்பந்தச் சட்டப்படி 18 முடியாத பிள்ளை போட்ட கையெழுத்து செல்லவே செல்லாது, போடச் சொல்லுங்க கேஸுன்னார். சின்னவன் விஷயத்தையும் அவர்தான் சொன்னார், 14 வயசுக்குக் கீழன்னா படம் எடுக்கறவங்க கலெக்டர்கிட்ட பர்மிஷன் வாங்கணும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, 3 மணி நேரத்துக்கு மேல ஓய்வு இல்லாம வேலை வாங்கக் கூடாது, சம்பளத்துல குறைஞ்சது 20 சதவீதம் பிள்ளை பேர்ல பேங்க்ல டெபாசிட் போடணும், 2017ல இருந்தே விதி இருக்காம். கலெக்டர் பர்மிஷன் இருக்கான்னு அந்த லேடிகிட்ட அன்னிக்கே கேட்டிருந்தா ஃபோன வச்சிருப்பாங்க.

பொண்ணு ஒரு மாசம் இதப்பத்தி பேசவே இல்ல. அப்புறம் அவளே வந்தா, அப்பா நான் இன்னும் ட்ரை பண்ணலாமான்னு. மேனேஜர் அண்ணன் ஒரு கேஸ்டிங் பண்ற அம்மாகிட்ட கேட்டு சொன்னார், வெல்வெட் ஆல்பம் யாரும் பாக்கறதில்ல, மேக்கப் இல்லாத நாலு போட்டோ போதும், டிஜிட்டல்ஸ்னு சொல்வாங்கன்னு. சுவத்துப் பக்கம் நிக்க வச்சு ஜன்னல் வெளிச்சத்துல வீட்டுக்காரி ஃபோன்ல எடுத்தா, முடிய இழுத்துக் கட்டி, நேர, சைடுல, இடுப்பளவு, முழுசா. செலவு சைபர். தழும்பு அப்படியே தெரியுது. மெயில் என் ஐடில இருந்துதான் போகும், பதில் வந்தா அந்த பிராண்டு கடைக்கே ஃபோன் போட்டு இப்படி ஷூட் இருக்கான்னு கேப்பேன், எங்க போனாலும் நானோ அவ அம்மாவோ உள்ள உக்காருவோம், வெளிய இருங்கன்னா திரும்பிடுவோம்.

டிசம்பர் லீவுல திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனி, டீ-ஷர்ட் கேட்லாக். நான் மூலையில பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தேன். பன்னெண்டு டீ-ஷர்ட், மதியம் பார்சல் சாப்பாடு, சாயங்காலம் கவர்ல 2,500. போற வழியில வழக்கம் போல பர்லியாறுல வாந்தி.

இப்ப எதுக்கு எழுதறேன்னா, இந்த மே சீசனுக்கு ஊட்டியில ஒரு ஹால்ல ஆடிஷன்னு ஒரு மெசேஜ் சுத்துது. கம்பெனி பேரு வேற, ரிஜிஸ்ட்ரேஷன் அதே 1,500. நம்பருக்கு வேற ஃபோன்ல இருந்து அடிச்சுப் பாத்தேன், அதே லேடி, அதே சார். யாருக்காச்சும் அந்த மெசேஜ் வந்திருந்தா காசு போடறதுக்கு முன்னாடி குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்க டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஒரு நடை வாங்க, 14 எழுத்து ரசீது வண்டி டேஷ்போர்டுலயே இருக்கு, எடுத்துக் காட்டறேன்.