பாங்காக்கில் அரண்மனை இன்று மூடல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

பிப்ரவரியில் நானும் மனைவியும் அம்மாவை அழைத்துக்கொண்டு பாங்காக் போயிருந்தோம். நான்கு நாள் பயணத்தில் ஒரு முழு நாளையும் 18,500 பாட்டையும், நம் பணத்தில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாயை, எப்படிப் பறிகொடுத்தோம் என்று எழுதுகிறேன். அந்த ஊருக்குப் போகிறவர்கள், அதிலும் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், கிளம்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அம்மா அங்கே பார்க்க ஆசைப்பட்டது இரண்டே இரண்டு. ஒன்று, அரண்மனை வளாகத்தில் மரகத புத்தர் கோவிலைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவரில் தீட்டியிருக்கும் ராமாயணம். இன்னொன்று ராட்சத ஊஞ்சல். தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவை விழாவில் நம் திருவெம்பாவையை இன்றும் ஓதுகிறார்கள். அந்த விழாவுக்காக நட்டுவைத்த ஊஞ்சல் அது. ஆடுவது 1935-இல் நின்றுபோய்விட்டது, சிவப்புத் தேக்குத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. மார்கழி முழுக்க விடியற்காலையில் திருவெம்பாவை பாடுகிறவர் அம்மா. மதுரையில் பெட்டி கட்டும்போதே அந்த ஊஞ்சலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலை சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அரண்மனையின் கிழக்கு மதிலை ஒட்டி நடந்தோம். மதிலில் ஒரு வாசல் சாத்தியிருந்தது. பயணிகள் போகும் வாசல் வடக்குப் பக்கம், நா பிரா லான் சாலையில் இருக்கிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. சாத்திய வாசலைப் பார்த்துத் தயங்கி நின்றோம். அந்த இடத்தில்தான் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ அடையாள அட்டை. இன்று பௌத்தர்களுக்கு விசேஷ நாள், மதியம் ஒரு மணி வரை உள்ளூர் மக்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார். அம்மாவைப் பார்த்துக் கை கூப்பினார். எங்கள் வரைபடத்தை வாங்கி, வீணாகக் காத்திருக்க வேண்டாம் என்று மூன்று இடங்களை வட்டம் போட்டுக் கொடுத்தார். நின்ற கோலத்துப் பெரிய புத்தர், அதிர்ஷ்ட புத்தர், அப்புறம் அரசாங்க ஏற்றுமதி மையம். அந்த மையத்தில் வரியில்லா விற்பனை இன்றோடு முடிகிறதாம். ஒரு துக்துக் ஆட்டோவையும் அவரே கை தட்டி அழைத்தார். மூன்று இடத்துக்கும் சேர்த்து 20 பாட்.

இருபது பாட்டுக்கு அரை நாள் வண்டி ஓட்ட எவருக்கும் கட்டுப்படியாகாது. அங்கே பக்கத்துத் தெருவுக்கே நூறு பாட் கேட்கிறார்கள். அந்தக் கணக்கை நான் அப்போதே போட்டிருக்க வேண்டும்.

முதல் இடத்தில் ஒரு குறையும் இல்லை. வாட் இந்தரவிஹான் கோவிலில் 32 மீட்டர் உயரத்தில் நிற்கும் புத்தர் உண்மையிலேயே பார்க்க வேண்டியவர். இரண்டாவதாகப் போனது சிறிய கோவில், ஆளே இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவர் தானாகப் பேச்சுக் கொடுத்தார். வெளிநாட்டில் வேலை பார்ப்பதாகவும், வருடம் ஒருமுறை இங்கே வந்து அந்த ஏற்றுமதி மையத்தில் நீலக்கல் வாங்கிப் போய் விற்பதாகவும், அந்த லாபத்திலேயே பயணச் செலவு தீர்ந்துவிடுகிறது என்றும் சொன்னார். நாங்கள் கடையைப் பற்றி அவரிடம் மூச்சுக்கூட விடவில்லை. வாசலில் ஒருவர், கோவிலுக்குள் ஒருவர், இருவரும் ஒரே கடையைச் சொல்லவே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மோசடியின் உயிர்நாடியே இதுதான். ஒருவர் சொன்னால் சந்தேகப்படுவோம். சம்பந்தமில்லாத இரண்டாவது ஆள் அதையே சொல்லும்போது விசாரித்துத் தெரிந்துகொண்டதாக நினைத்துவிடுகிறோம்.

கடையில் குளிர்ந்த துண்டு, தேநீர், அம்மாவுக்கு மெத்தை நாற்காலி. ஒரு பெண் பொறுமையாக நீலக்கற்களைக் காட்டினார். சாந்தபுரி பக்கத்துக் கல், இந்தியாவில் இரண்டு மடங்குக்குப் போகும் என்றார். சாந்தபுரி ரத்தினங்களுக்குப் பேர்போன ஊர்தான், அது பொய்யில்லை. மனைவி என் கையை இரண்டு முறை அழுத்தினாள். நான் கேட்கவில்லை. இரண்டு கற்களுக்கு 18,500 பாட், கிரெடிட் கார்டில். கல்லைக் கனமான பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒட்டி, வீட்டுக்குப் போகும்வரை பிரிக்கக்கூடாது, பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். ஊர் திரும்புமுன் யாரிடமும் காட்டிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த உறை.

மதியச் சாப்பாட்டுக்கும் அந்த ஓட்டுநரே ஆற்றோரக் கடல் உணவுக் கடை ஒன்றில் கொண்டுபோய் விட்டார். இறாலுக்கு 180 பாட் என்று போட்டிருந்தது. அது நூறு கிராமுக்கான விலை என்பது பில் வந்தபோதுதான் தெரிந்தது. வெறும் சோறும் அன்னாசியும் சாப்பிட்ட அம்மாவையும் சேர்த்து மூன்று பேருக்கு 2,900 பாட். விலைப்பட்டியலில் எடைக்கா தட்டுக்கா என்று கேட்காமல் எதையும் சொல்லாதீர்கள்.

அரண்மனைக்குத் திரும்பியபோது மணி மூன்றே முக்கால். 3:30-க்கே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளேயிருந்து கூட்டம் கூட்டமாக வெளிநாட்டுக்காரர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே திறந்துதான் இருக்கிறது என்று காவலர் சொன்னார். நுழைவாயில் பக்கம் பலகையே வைத்திருக்கிறார்கள், அந்நியர் பேச்சை நம்பாதீர்கள் என்று. அதைப் படிக்கும் தூரத்துக்கு நம்மை வரவிடாமல் தடுப்பதுதான் அந்த ஆட்களின் வேலை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, "நாளைக்குப் பாத்துக்கலாம்ப்பா" என்றார். அது எனக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அன்று இரவு சீலோம் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. அந்தப் பகுதியில் ரத்தின வியாபாரிகள் அதிகம், நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். சாப்பிடப் போன இடத்தில் நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டுக் காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் பேச வந்தார். கல் வியாபாரம் என்றதும் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் பையிலிருந்து அந்த உறையை எடுத்துக் கிழித்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். "கல்லு நிசந்தான் தம்பி. ஆனா சூடு போட்ட கல்லு, உள்ள பூரா கீறலு. ரெண்டும் சேத்து மூவாயிரம் பாட்டுக்கு மேல நான் குடுக்க மாட்டேன்" என்றார். கல் நிஜம் என்பதால்தான் போலி விற்றார்கள் என்று புகார் கொடுக்க முடியாமல் போகிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். ஊருக்குப் போய்விட்டால் ஒன்றும் நடக்காது, இங்கே இருக்கும்போதே 1155-க்குப் பேசுங்கள் என்றார். அது சுற்றுலாப் போலீஸ் எண், ஆங்கிலத்தில் பேசலாம். அந்தப் பெரியவருக்கு நாங்கள் யாரோ எவரோ. தேநீருக்குக்கூடக் காசு கொடுக்க விடவில்லை.

மறுநாள் காலை 8:30-க்கு அரண்மனை வாசலில் நின்றோம். ஆளுக்கு 500 பாட். பிராகாரம் முழுவதும் 178 ஓவியங்களில் அவர்களுடைய ராமாயணமான ராமகியன். அதில் அனுமன் பிரம்மச்சாரி இல்லை. சேது கட்டும்போது கல்லைத் திருடிப் போகும் மச்சகன்னியிடம், அவள் ராவணன் மகள், மனம் பறிகொடுக்கிறார். அம்மா அந்தச் சுவர் முன்னால் நின்று மனைவியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கே இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டும். என் கண் கடிகாரத்தில் இருந்தது.

பத்தரை மணிக்கு 1155-ஐ அழைத்தேன். கடை பில், கார்டு ரசீது, கடை முகவரி கேட்டார்கள். மூன்றும் கையில் இருந்ததால்தான் அவர்களால் கடையோடு பேச முடிந்தது. நாங்கள் கற்களோடு கடைக்குப் போனோம். உறை பிரிந்திருக்கிறது, பில்லில் வாபஸ் இல்லை என்று அச்சிட்டிருக்கிறது என்று மாலை வரை இழுத்தார்கள். மனைவி நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் 6,000 பாட் பிடித்துக்கொண்டு 12,500-ஐக் கார்டுக்குத் திருப்பினார்கள். அது கணக்கில் ஏற 11 நாள் ஆனது.

இதே பொய்யைப் பக்கத்தில் 46 மீட்டர் சயன புத்தர் இருக்கும் வாட் போ வாசலிலும் சொல்கிறார்கள். ராஜ குடும்பச் சடங்கு நாள்கள் தவிர அரண்மனை தினமும் திறந்திருக்கும். மூடியிருக்கிறது என்றால் டிக்கெட் கவுண்டரில் இருப்பவர் சொல்லட்டும். பயணத்துக்கு மீட்டர் டாக்சி பிடியுங்கள். துக்துக் ஏற ஆசையாக இருந்தால் போகுமிடத்தை நீங்கள் சொல்லுங்கள், நடுவில் கடை கிடையாது என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். கடை வாசலில் பயணியை இறக்கினால் ஓட்டுநருக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கிறது. எங்கள் ஓட்டுநரே அதை வாய்விட்டுச் சொன்னார், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கடையிலிருந்து நேராக ராட்சத ஊஞ்சலுக்குப் போனோம். இருட்டிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் தூண்கள் மட்டும் தெரிந்தன. அருகிலேயே 1784-இல் கட்டிய பிராமணர் கோவில், உள்ளே சிவன் சந்நிதி. கேட் பூட்டியிருந்தது. விடிந்தால் எங்களுக்கு விமானம். அம்மா வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு, கம்பி வழியாக உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.