1716 அலுமினிய அம்பு: என் 25 பவுண்டு வில்லுக்கு இதுதான் பொருந்தியது

ஈஸ்டன் ஜாஸ் 1716 ஒரு டஜன் வாங்கி நாலு மாதமாக எய்துகொண்டிருக்கிறேன். நல்ல அம்பு. என் ரிகர்வ் வில்லுக்கு (நுனி முன்பக்கம் வளைந்த வகை) நல்ல அம்பு என்று திருத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "ரிகர்வா, எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பித்தான் இதற்கு முன்னால் பணத்தைத் தண்ணீரில் விட்டேன்.

அவர் தலையில் கட்டியது 500 ஸ்பைன் (வளையும் அளவு) கார்பன் அம்பு, என் வில்லுக்கு ரொம்ப விறைப்பு. என் லிம்பில் (வில்லின் வளையும் கையில்) 28 பவுண்டு என்று போட்டிருக்கும், ஆனால் அது 28 அங்குலம் இழுத்தால் வருகிற எடை. நான் இழுப்பது இருபத்தாறரைதான். ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை போடுகிற கொக்கித் தராசை நாணில் மாட்டி வீட்டிலேயே இழுத்துப் பார்த்தேன்: 11.4 கிலோ, 25 பவுண்டும் கொஞ்சமும். கடையில் இதையெல்லாம் யார் கேட்டார்கள்? போதாததற்கு என் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு 28 அங்குலத்துக்கு வெட்டியும் கொடுத்துவிட்டார். அம்பை வெட்டினால் இன்னும் விறைப்பாகும். வெட்டியதை ஒட்டவா முடியும்?

ஸ்பைன் என்பது பெரிய மர்மம் இல்லை. ஷாஃப்டை (அம்பின் தண்டை) 28 அங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்ற கணக்கு. அரை அங்குலம் தொய்ந்தால் 500. ரிகர்வில் நாணை விரலால் விடுகிறோம், அது விரல் நுனியைச் சுற்றிக்கொண்டு நழுவும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளு விழும், அதில் அம்பு வளைந்து, ரைசரை (வில்லின் நடுப்பிடியை) சுற்றி, எதிர்ப்பக்கம் வளைந்து, மீன் மாதிரி நெளிந்துகொண்டுதான் போகும். வளைய வேண்டிய அளவு வளையாத அம்பு ரைசரில் இடிக்கும். எனக்கு ஒவ்வொரு அம்புக்கும் 'டக்' என்று சத்தம். நாணை விடும் விதம், அதாவது என் ரிலீஸ்தான் மோசம் என்று நினைத்து இரண்டு மாதம் விரலைத் திருத்திக்கொண்டிருந்தேன், அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

சரி, 1716க்கு வருவோம். முதல் இரண்டு இலக்கம் குழாயின் வெளிவிட்டம், அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 17. அடுத்த 16, குழாய்ச் சுவரின் தடிமன், ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில். ஸ்பைன் 880. அலுமினியத்தில் 1716ஐவிட 1816 விறைப்பு. கார்பனில் எண் கூடினால் நெகிழ்வு. இதில் குழம்பி வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கோச் சொன்னபடி இரண்டு அம்புக்கு மட்டும் வேன் (வால் இறகு) ஒட்டவில்லை. வேன் அம்பின் கோணலை வழியிலேயே சரிக்கட்டிவிடும், அது இல்லாத அம்புதான் உள்ளதைச் சொல்லும். என்னைப் போல வலக்கைக்காரர் என்றால், வேன் இல்லாத அம்பு மற்றதற்கு இடப்பக்கம் குத்தினால் விறைப்பு, வலப்பக்கம் குத்தினால் நெகிழ்வு. 18 மீட்டரில் பழைய கார்பன் இடப்பக்கம் தாளையே தாண்டிப் போய்க் குத்தியது. 1716 முழு நீளத்தில் வலப்பக்கம் ஒரு சாண். பாயின்டை (அம்பு முனையை) சூடாக்கிக் கழற்றி (ஹாட் மெல்ட் பசைதான், அலுமினியம் தாங்கும், கார்பனில் நெருப்பைக் காட்டிவிடாதீர்கள்) குழாய் வெட்டும் கட்டரால் கால் கால் அங்குலமாக வெட்டினேன். மூன்றாவது வெட்டில் இடைவெளி இரண்டு விரலுக்கு வந்தது. அதற்குமேல் வெட்டவில்லை, என் ரிலீஸே அந்த அளவு ஆடும். அப்புறம்தான் மற்ற பத்தையும் அதே நீளத்துக்கு வெட்டினேன். முதல் நாள் எய்தபோது அந்த 'டக்' வரவில்லை, வில்லிலிருந்து அம்பு போன சத்தமே வேறாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. கனம். 30 மீட்டர் வரை சுகமாகப் போகிறது, 50க்குப் போனால் என் வில்லில் சைட்டை (குறிபார்க்கும் கருவியை) அடிவரைக்கும் இறக்க வேண்டியிருக்கிறது. அலுமினியம் என்பதால் டார்கெட் சட்டத்தில் பட்டால் வளையும், நான் இரண்டை அப்படி வளைத்துவிட்டேன், குறி என்னுடையது, அம்பைச் சொல்லிக் குற்றமில்லை. இன்னும் பலமான லிம்புக்கு மாறி, விரலில் 30 பவுண்டுக்கு மேல் போகப்போகிறவர்கள் ஆறு மாதம் பொறுத்து வாங்கலாம், அல்லது அப்போது 1816க்கு மாறத் தயாராக இருங்கள். விலை, கார்பனுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

அந்தக் கார்பன் அம்புகள் வீணாகவில்லை. ரேஞ்சில் 40 பவுண்டு இழுக்கிற அண்ணன் ஒருவர், இழுப்பு நீளம் கிட்டத்தட்ட என்னுடையதேதான், ஒன்றில் வேனைப் பிய்த்துவிட்டு எய்து பார்த்தார். மற்ற மூன்றோடு சேர்ந்தே குத்தி நின்றது. பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு, பாதி விலைதான் தருவேன் என்கிறார்.