ஆர்கேட் பெட்டியின் பவர் பட்டன் விளக்கு: எல்லா விதமும் ஓட்டிப் பார்த்த பிறகு

நானே செய்த ஆர்கேட் பெட்டி. உள்ளே ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி (சுருக்கமாகப் பை), அதில் பழைய வீடியோ கேம்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருள். ஒளிரும் பவர் பட்டன் ஒன்று மாட்டியிருக்கிறேன். அந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதை நாள்பட மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது. ‘இப்போது பிளக்கைப் பிடுங்கலாமா?’ என்ற கேள்விக்கு விளக்கு பதில் சொன்னால் போதும், மற்றதெல்லாம் அலங்காரம்தான். பையின் சிஸ்டம் இருக்கும் எஸ்டி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டே கெட்டுப்போகலாம் இல்லையா?

விளக்கைப் பை போர்டின் 5 வோல்ட் பின்னில் கொடுப்பது எளிது, ஆனால் பயனில்லை. ஷட் டவுன் ஆன பிறகும் அந்தப் பின்னில் மின்சாரம் இருக்கும், விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும் ஒளியையும் ஜிபிஐஓ 18 (மென்பொருளால் கட்டுப்படுத்தக்கூடிய பின்களில் ஒன்று) வழியாகச் செய்து பார்த்தேன். வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். ஆனால் விளையாடும்போது கண்ணோரத்தில் அசைந்துகொண்டே இருக்கும், கழற்றிவிட்டேன். கார்டு வேலை செய்யும்போது மினுக்கும் விளக்கும் அதே ரகம்தான்.

நெடுநாள் ஓடியது ஜிபிஐஓ 14 முறை, அதாவது 8ஆம் எண் பின். பையின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் யூஆர்ட்டை (சீரியல் தொடர்பு வசதி) இயக்கிவிட்டால், பை ஓடும்வரை அந்தப் பின்னில் 3.3 வோல்ட் இருக்கும், நின்றதும் போய்விடும். ஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம். சிவப்பு எல்இடி, 330 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். பூட் ஆகும்போது கொஞ்சம் மினுக்கும். பூட் செய்திகளை அந்தப் பின் வழியாக அனுப்பும் சீரியல் கன்சோலை அணைத்தால் அதுவும் நிற்கும். பட்டனை ஜிபிஐஓ 3க்கும் கிரவுண்டுக்கும் நடுவே மாட்டி, கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ-ஷட்டவுன் ஓவர்லேயை (பின்னுக்கு ஒரு வேலை கொடுக்கும் தயார் அமைப்பு) சேர்த்தால் அணைக்கவும் எழுப்பவும் ஒரே பட்டன்.

ஆனால் சிக்கலும் அங்கேதான். பட்டனை அழுத்திய பிறகு சில விநாடிகள் விளக்கு அப்படியே எரியும். அழுத்தியது பதியவில்லை போலிருக்கிறது என்று யாராவது மறுபடி அழுத்துவார்கள். அதற்குள் பை நின்றிருந்தால், அந்த இரண்டாவது அழுத்தலில் மறுபடி எழுந்துகொள்ளும்!

அதனால் இப்போது ஷட் டவுன் தொடங்கியதும் விளக்கு கண்சிமிட்டுகிறது. இதைப் பைத்தான் ஸ்கிரிப்ட்டில் செய்தால், சிஸ்டம் எல்லா நிரல்களையும் நிறுத்தும்போது அந்த ஸ்கிரிப்ட்டும் பாதியில் நின்று, விளக்கு எரிந்தோ அணைந்தோ உறைந்துவிடும். ஜிபிஐஓ-எல்இடி ஓவர்லேயில் அந்தக் கவலை இல்லை. ஷட் டவுன் தொடங்கும்போது ஓடும் சின்ன சிஸ்டம்டி சர்வீஸ் (சிஸ்டமே தானாக ஓட்டும் வேலை), விளக்கு எதற்கேற்ப எரிய வேண்டும் என்று சொல்லும் ட்ரிகரை ‘டைமர்’ என்று மாற்றிவிடுகிறது. அதன்பின் சிமிட்டுவது சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னலின் வேலை. கடைசியில் விளக்கை அணைப்பதும் அதுவேதான். அப்புறம் தாராளமாகப் பிளக்கைப் பிடுங்கலாம். இந்த மாற்றத்துக்குப் பிறகு யாரும் இரண்டாவது முறை அழுத்துவதில்லை.

பட்டன் வாங்கும்போது அதன் எல்இடி எத்தனை வோல்ட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் விளக்கு 3.3 வோல்ட்டில் எரியாது. நடுவே ஸ்விட்ச் போல டிரான்சிஸ்டர் போட வேண்டும். நீல விளக்கை ஜிபிஐஓவில் நேரடியாகக் கொடுத்தால் மங்கலாகத்தான் எரியும். பை 5 என்றால் போர்டிலேயே பவர் பட்டன் உண்டு. வெளிப் பட்டனுக்கு ஜே2 என்று குறித்த இடத்தில் வயரைச் சால்டர் செய்ய வேண்டும்.