முகாம் பிள்ளைகளுக்கான குழு கவுன்சிலிங்: போயிட்டு வந்த அனுபவம்

கன்னியாகுமரி பெருமாள்புரம் இலங்கை அகதிகள் முகாம்ல இருந்து மகளையும் அம்மாவையும் இந்தக் குழு கவுன்சிலிங்குக்குக் கூட்டிட்டுப் போனேன். அனுப்பலாமா வேண்டாமானு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். எங்கம்மா 1990ல மன்னார்ல இருந்து போட்டுல வந்தவங்க, நான் பிறந்ததே இங்கதான், மகளுக்கு 9 வயசு, போரைக் கண்ணால கண்டதில்ல, ஆனா டிசம்பர்ல மாதா கோயில் திருவிழாவுக்கு வெடி போட்டா அம்மம்மாவும் பேத்தியும் சேர்ந்து கட்டிலுக்கு அடியில போயிருவாங்க. அம்மம்மா முகத்தைப் பார்த்துப் பார்த்தே பயப்படப் பழகியிருக்கா பிள்ள, அது எனக்கு அங்க போய்தான் விளங்குச்சு.

இந்தக் கவுன்சிலிங், போரால பயந்துபோன பிள்ளைகளுக்காக போஸ்னியா போருக்கப்புறம் நார்வே, இங்கிலாந்து நிபுணர்கள் உருவாக்குன முறையாம். 8 வயசுக்கு மேல உள்ள பிள்ளைகளுக்கு 5 நாள், வளர்க்கிறவங்களுக்கு 2 நாள். பயமுறுத்துற காட்சிய மனசுக்குள்ள டிவில பார்க்கச் சொல்றாங்க, கையில ரிமோட் இருக்கிற மாதிரி நினைச்சு சத்தத்தக் குறைக்கணும், கலரை எடுக்கணும், அப்புறம் ஆஃப் பண்ணணும். இப்ப ராத்திரி முழிச்சா "அம்மா ரிமோட் எடுத்துட்டேன்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிறா.

ஆனா எனக்குப் பெருசாப் பட்டது பெரியவங்களுக்கு நடந்ததுதான். யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தல. முதல் நாள் அம்மா முந்தானைய முறுக்கிட்டே வாயத் திறக்காம இருந்தாங்க, ரெண்டாம் நாள் பக்கத்துல இருந்த ஒரு ஆச்சி போட்டுல வந்த கதையச் சொல்லவும் அம்மாவும் ஆரம்பிச்சிட்டாங்க, அவங்க தம்பி அழுதா நேவிக்குக் கேட்டுரும்னு கரை சேர்ற வரைக்கும் அவன் வாயப் பொத்திக்கிட்டே வந்தாங்களாம். இத்தனை வருஷத்துல என்கிட்டகூட சொன்னதில்ல. பிள்ளைககிட்ட மறைக்காம, வயசுக்குத் தக்க உண்மையச் சொல்லுங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. இந்தத் திருவிழால அம்மாவே "இது மாதாவுக்குப் போடுற வெடி மக்களே"ன்னு பேத்தி கையப் புடிச்சுக்கிட்டு நடையில நின்னாங்க, ரெண்டு பேருக்கும் நடுக்கம் இருந்துச்சு, ஆனா உள்ள ஓடல.

குறைன்னா, பெரியவங்களுக்கு 2 நாள் எந்த மூலைக்கு? பேச ஆரம்பிக்கும்போதே முடிஞ்சு போச்சு. அதுவும் சனிக்கிழமை பகல்ல வச்சா பெயிண்ட் வேலைக்குப் போற எங்க ஆம்பிளைங்க சம்பளத்த விட்டுட்டு எப்படி வருவாங்க, என் வீட்டுக்காரர் ஒரு நாள்கூட வரல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வைங்கன்னு கேட்டிருக்கேன். அஞ்சுக்கு நாலு ஸ்டார். ராத்திரி தூக்கமே இல்லாம ரொம்ப முடியாம இருக்கிறவங்களுக்கு இது மட்டும் பத்தாது, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மனநல டாக்டரப் பாருங்க, அவசரமா பேசணும்னா அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.