கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் டவுன் கடை

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பார்க்கிற கடை இருக்கிறது. பழைய கேசட்டைக் கொடுத்தால் பென்டிரைவில் ஏற்றித் தருவார்கள். அப்பா கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டியவர். ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து அவர் பதிந்து வாங்கிய கேசட்டுகள் டிரங்குப் பெட்டி நிறையக் கிடந்தன. அவற்றைத்தான் கொடுத்தேன்.

வேலை சுத்தம். கடைக்கார அண்ணாச்சி முதலில் டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் வைத்துத் துடைக்கிறார். அப்புறம் 3,000 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் பதிந்த சோதனைக் கேசட்டை ஓட்டி, கேசட் ஓடும் டெக்கின் வேகம் சரியா என்று பார்க்கிறார். இதைச் செய்யாமல் பதிகிறவர்கள்தான் அதிகம். பெல்ட் தளர்ந்த டெக்கில் ஓட்டினால் சுருதி இறங்கிவிடும். பாடகர் யாரானாலும் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலக் கேட்கும். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் பக்கத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி, தாளத்தின் சன்னமான ஒலி தெளியும் வரை காதை வைத்துக் கேட்கிறார். 60 நிமிடக் கேசட் ஏற 60 நிமிடம் ஆகும். குறுக்கு வழி வைத்துக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, இந்த ஜானகி பாட்டுல இரைச்சலை எடுத்துரலாமா?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம் தம்பி. கூடவே அந்தம்மா மூச்சும் போயிரும், பரவால்லியா?"

விட்டுவிட்டேன். அவர் சொன்னதன் அருமை வீட்டில் எஸ். ஜானகி கேசட்டுகளை வரிசையாகக் கேட்டபோது தெரிந்தது.

1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' பாட்டில் நம்ம காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு போட்டி போட்டுப் பாடும்போது ஜானகிக்கு 24 வயதுகூட ஆகவில்லை. சினிமாவுக்கு வந்து ஐந்து வருடம்தான். ஆபேரி ராகத்தில் அந்த வாத்தியம் எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் குரலும் வளைகிறது. சிறு வயதில் ஒரு நாகஸ்வர வித்வானிடம் கற்றவர் என்பது தெரிந்தால் ஆச்சரியம் பாதியாகக் குறையும். மீதிப் பாதி குறையாது. காருகுறிச்சியார் 1964-லேயே போய்விட்டார். ஜானகி நிலைத்து நின்று பாடினார். '16 வயதினிலே' நாயகி மயிலுக்காக 1977-ல் பாடியதற்கும், 1992-ல் 'தேவர் மகன்' படத்தில் பாடியதற்கும் தேசிய விருது. 'தேவர் மகன்' வந்தபோது அவருக்கு வயது 54. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மயிலுக்கு ஊஞ்சலாடும் வயதுக் குரல். பின்னதில் வெட்கமும் குறும்பும் கலந்து வருகிறது. சுருதி இரண்டிலும் அசையாமல் நிற்கிறது. வரிக்கு முன்னால் சின்னதாக மூச்சை இழுப்பதும் டேப்பில் அப்படியே இருக்கிறது. இரைச்சலைத் துடைத்திருந்தால் அதுதான் முதலில் போயிருக்கும்.

கேசட் காலத்துக்குப் பிறகு, 2014-ல், 76 வயதில் 'வேலையில்லா பட்டதாரி'க்கும் பாடினார். குரலில் முதுமை தெரிகிறது. அம்மா பாடும் பாட்டுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

எங்கள் அம்மா சுசீலா கட்சி. "17,695 பாட்டுன்னு 2016-ல கின்னஸ்காரனே எழுதிட்டான், இன்னும் என்னலே பேச்சு?" என்பாள். எண்ணிக்கையில் நான் வாயே திறப்பதில்லை. எந்தக் கதாநாயகிக்குப் பாடினாலும் சுசீலா சுசீலாவாகவே இருப்பார். அந்த நிதானமும் பெரிய விஷயம்தான். எனக்கென்னவோ ஆளுக்கு ஆள் குரலை மாற்றிக்கொண்டே தரம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் கூடுதல் கஷ்டமாகப் படுகிறது.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். பாட்டுகளைத் தனித்தனியாக வெட்டித் தருவதில்லை. ஒரு பக்கம் முழுக்க ஒரே கோப்பு. பெயரும் 'பக்கம் 1', 'பக்கம் 2' என்றுதான் இருக்கும். எந்தக் கேசட் என்று நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. எம்பி3 போதுமா என்று அவராகக் கேட்க மாட்டார். சுருக்காத வேவ் கோப்பாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பி போலப் பிடிக்கும், பெரிய பென்டிரைவாக எடுத்துப் போங்கள். ரசீது கிடையாது. சொன்ன தேதியிலும் கிடைக்காது.

முக்கியமாக, சித்திரையிலிருந்து ஆடி வரை அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கொடை சீசனில் ஊர்ப்பட்ட மைக் செட் ஆம்ப்ளிஃபயரும் அந்தச் சந்தில்தான் கிடக்கும். கேசட்டோடு போகிறவரை அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.